திருகோணமலைப் பக்கம் உழவு மெசின் திருத்தக் கொடுப்பவர்கள் கவனம்: 78,500 ரூபா போனது

நேற்றுப் பின்னேரம் முதல் உழவிலேயே மெசினின் என்ஜின் இறுகிச் சேற்றுக்குள் நின்றுவிட்டது. இன்னும் மனம் ஆறவில்லை, அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். திருத்தி எடுத்து மூன்று நாள்கூட ஆகவில்லை. கொடுத்த காசு 78,500 ரூபா.

எங்களுக்குத் தம்பலகாமத்தில் மூன்று ஏக்கர், கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை நம்பிய வயல். பெரும்போக வெட்டு முடிந்து சிறுபோகம் தொடங்குமுன் கிடைக்கிற கொஞ்ச நாளில்தான் இரண்டு சில்லு மெசினைக் கழுவி, ஒயில் மாற்றி, ரொட்டவேற்றர் கத்திகளைப் பார்த்து வைப்போம். இந்த முறை நீலப் புகை தள்ளியது, ஒயிலும் குடித்தது. “ரிங் போயிட்டுது” என்றார் அப்பா, பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று. போகத் தொடக்கத்து விவசாயிகள் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதி சொல்லியாயிற்று. கையில் பன்னிரண்டு நாள். அந்த அவசரம்தான் எங்களை விழுத்தியது.

டவுனில் ஒரு உதிரிப்பாகக் கடை, பின்பக்கம் கராஜும் அவர்களுடையதே. முதலாளி எங்களை இருத்தி, தேத்தண்ணீர் கொடுத்து, புதுப் பெட்டியை எங்கள் முன்னால் உடைத்தார். எண்ணெய்த் தாளில் சுற்றிய லைனர் (பிஸ்டன் ஓடுகிற உருளை), பிஸ்டன், ரிங் செற். அப்பா லைனரைக் கையில் வாங்கி உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்தார். “ஐயா, நானும் வயல்காரன்ர மகன்தான். ஆதிகோணநாயகர் சாட்சியா உங்கட மெசினுக்கு இதைத்தான் போடுவன்” என்று எங்கள் ஊர்க் கோயில் சாமி பேரில் சத்தியம் பண்ணினார் முதலாளி. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அப்பா பில் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உரத்துக்கென்று வைத்திருந்த நெல் விற்ற காசு, 78,500 ரூபா, எண்ணிக் கொடுத்தோம்.

எடுக்கப் போன அன்று புகை இல்லை. தடித்த ஒயில் ஊற்றி மறைத்திருக்கிறார்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது.

நேற்றிரவு ஊர் மெக்கானிக் மாமா கழற்றினார். பிஸ்டன் தண்டின் (கொன்ரொட்) பெயாரிங் உருகிப் பிடித்திருந்தது. லைனரின் மேல் விளிம்பை என் நகத்தால் தடவச் சொன்னார். நகம் படியில் தட்டுவதுபோல் தட்டி நின்றது. “புது லைனர்ல இப்பிடிப் படி இருக்காது தம்பி, இது உங்கட பழசுதான்.” ரிங் ஒன்றைத் தனியாக லைனருக்குள் விட்டுக் காட்டினார். அதன் வாய் இடைவெளியில் தீக்குச்சி போய் வந்தது. அப்பா டோர்ச்சைப் பிடித்தபடி ஒன்றும் பேசவில்லை.

காலை ஏழு மணிக்கு முதலாளியை அழைத்தேன். “ஒயில் குறைஞ்சிருக்கும்” என்றார். ஒயில் சரி என்றதும், “நீங்க ஓடின விதம் பிழை.” நேரில் போனேன். முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார் என்றான் கடைப் பெடியன். அவருடைய மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. மறுபடி அழைத்தபோது, “பில் இருக்கா? பில்லோட வாங்கோ, பாப்பம்.” பிறகு போனே எடுக்கவில்லை. 78,500 ரூபா வாங்கும்போது பில் வேண்டாம், திருப்பிக் கேட்டால் பில் வேண்டுமாம்!

மூன்றரை மாத நெல்லான அட் 362 போட இருந்தோம். இனிக் கூலி மெசின் வரிசையில் எங்கள் முறை வரப் பிந்திவிடும். மூன்று மாத பீஜி 300க்குத்தான் மாற வேண்டும் போல. அந்த விதைநெல்லையும் இனித் தேட வேண்டும்.

என்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது நேரமில்லை, இவ்வளவுதான்: மாற்றிய பழைய பாட்ஸைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். என்ஜின் பூட்டும்போது ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள். பொருள் வாங்கினால் பில் கேளுங்கள், கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. நுகர்வோர் அதிகாரசபை இலக்கம் 1977. நானும் அழைக்கப் போகிறேன், பில் இல்லாமல் என்ன சொல்வார்களோ.

யாரிடமாவது இந்தக் கிழமை வாடகைக்கு விடக்கூடிய இரண்டு சில்லு மெசின் இருந்தால் சொல்லுங்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது.