ஏழு வருடமாக ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகை

துர்க்குவுக்கு வந்த புதிதில், வகுப்பில் சேரச் சோம்பல்பட்டு, சுவீடிஷ் பழகுவதற்காக இந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டினேன். ஏழு வருடம் ஓடிவிட்டது. மொழி ஓரளவு வந்துவிட்டது, சந்தாவை நிறுத்தத்தான் மனம் வரவில்லை.

பின்லாந்தில் இருக்கும் துர்க்குவுக்கு சுவீடிஷில் ஓபூ என்று பெயர். பத்திரிகையின் பெயர் ஓபூ உண்டெரெட்டெல்செர், அதாவது ஓபூ செய்திகள். வாய் வலிக்கும் என்பதால் எல்லாரும் 'ஓ-ஊ' என்றே சொல்கிறார்கள். 1824 ஜனவரியில், ரஷ்ய ஜாரின் ஆட்சியில் தொடங்கியது. 1827இல் ஊரில் பெரும்பகுதி தீக்கிரையானது, மறு வருடம் பல்கலைக்கழகமே ஹெல்சின்கிக்குப் போய்விட்டது. இது மட்டும் இன்னும் வருகிறது. நாட்டில் இன்றும் வெளிவரும் பத்திரிகைகளில் இதுதான் மூத்தது.

கடையிலும் பேருந்திலும் காதில் விழுவது பின்னிஷ்தான். ஒரு நகராட்சியில் சிறுபான்மை மொழிக்காரர்கள் 8 சதவீதமோ 3,000 பேரோ இருந்தால் அது இருமொழி ஊர் என்பது இங்கே சட்டம். இங்கே அந்தச் சிறுபான்மை சுவீடிஷ் பேசுபவர்கள்; துர்க்கு சதவீதத்தில் தேறாது, தலைக்கணக்கில்தான் தேறுகிறது. அந்தத் தலைகள் எங்கே இருக்கின்றன என்பதை எனக்குக் காட்டியது இந்தப் பத்திரிகைதான். இந்த நாடகம், அந்தப் பாடகர் குழு, பள்ளிக்கூடச் சண்டை என்று ஊருக்குள் இன்னொரு ஊர் நடக்கிறது.

நான் முதலில் திருப்புவது மரண அறிவிப்புப் பக்கம். சிரிக்காதீர்கள். பெயர், பிறந்த ஊர், இரண்டு வரிக் கவிதை. எளிய சுவீடிஷுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. நாகு, கோர்போ, ஹவுட்ஸ்ஷேர் என்ற தீவுகளெல்லாம் எனக்கு அப்படித்தான் அறிமுகம். அப்புறம் படகுச் செய்தி. பார்காஸிலிருந்து நாகுவுக்குக் காரோடு ஏற்றிப்போகும் மஞ்சள் படகு இலவசம், அதனால் கோடையில் வரிசை நீளும். தீவுக்காரர்களுக்கு நாடாளுமன்றத்தைவிட அதுதான் பெரிய விஷயம்.

சுவீடனில் அச்சான பாடப்புத்தகத்தில் 'செம்லா' என்றால் கிரீம் வைத்த இனிப்பு பன். அதை நம்பி இங்கே ஒரு கடையில் கேட்டேன், சாதாரண பன்தான் வந்தது! இந்த ஊர் சுவீடிஷ் தனி என்று அன்றுதான் புரிந்தது.

உலகச் செய்திக்கு இதை வாங்காதீர்கள்; அதற்கு ஹெல்சின்கியின் ஹுவுட்ஸ்டாட்ஸ்பிளாடெட் இருக்கிறது. வாங்கத் தயங்கினால், தேசிய நூலகத்தின் இணையக் காப்பகத்தில் 1824 முதல் 1939 வரையிலான இதழ்கள் இலவசம். நான் பழைய விளம்பரங்களில் தொடங்கினேன்.