கொழுந்தைத் தேடினால் கிடைக்காத கொழுந்து

பண்டாரவளையில் இருக்கும் நண்பன் போன கிழமை போனில் கேட்டான்: "மச்சான், அந்த வெறும் டெக்ஸ்ட் கோப்புக் குறிப்பெல்லாம் இன்னும் ஓடுதா? நானும் மாறவா?" என் பதில் கொஞ்சம் சூடாகப் போய்விட்டது. இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

நாலு வருடமாக ஓடுகிறது. அம்மாயி வாயில் வரும் தேயிலைத் தோட்டத்துச் சொற்களைச் சேர்க்கிறேன்: பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது), கவ்வாத்து, மடுவம், படங்கு. சொல்லுக்கு ஒரு கோப்பு. மேலே மூன்று சிறுகோடு, அதற்குள் மேல்விவரம்: தலைப்பு, நாள், சொன்னவர், குறிச்சொல். மறுபடி மூன்று சிறுகோடு, கீழே குறிப்பு. போன மழையில் மடிக்கணினி செத்து ஹட்டனுக்குத் தூக்கிப் போனபோது 1,140 கோப்பும் சட்டைப் பையில் பென் டிரைவில் கிடந்தன. நாலு எம்பிகூட இல்லை. அன்றிரவே இரவல் கணினியில், நோட்பேடில் திறந்து எழுதினேன்.

அப்புறம் என்ன சூடு? கொழுந்துதான். கோப்புகளுக்குள் சொல் தேடும் கிரெப் கட்டளையில் தேடினால் 11 கோப்பு வருகிறது. நாற்பதுக்கு மேல் இருப்பது எனக்குத் தெரியும். கையால் திறந்தால் சொல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது! எழுத்துருவைத் திட்டினேன், போனைத் திட்டினேன். கடைசியில் கணினி அந்தச் சொல்லைச் சேமிக்கும் பைட்டை எண்ணினேன். ஒரு கொழுந்து 24, இன்னொரு கொழுந்து 27.

‘கொ’வின் குறியை யூனிகோடில் ஒரே துண்டாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்றுதான் யூனிகோடு சொல்கிறது. பைட்டை மட்டும் பார்க்கும் கிரெப்புக்கு அது எங்கே தெரியும்? பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய என் குறிப்புகளை மாற்றிய கருவி கொம்பையும் காலையும் பிரித்தே வைத்துவிட்டது. போன் சேர்த்து எழுதுகிறது. கொழுந்து மட்டுமா, ‘தோட்டம்’ என்ற சொல்லே போச்சு.

பத்து வரி பைதன் நிரலில் எல்லாவற்றையும், பிரிந்த துண்டைச் சேர்த்து எழுதும் என்.எஃப்.சி. வடிவுக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. நியாயமாகச் சொன்னால், வெறும் டெக்ஸ்ட் என்பதால்தான் உள்ளே எட்டிப்பார்த்துத் திருத்த முடிந்தது. ஏதாவது செயலிக்குள் பூட்டிக் கிடந்திருந்தால் யாரிடம் போய் நிற்பது?

இந்த நியாயமும் முந்தாநாள் வரைதான். பெரட்டு நேரம் 6:30 என்று மேல்விவரத்தில் போட்டிருந்தேன். பட்டியல் எடுத்தால் 390 என்று வருகிறது. மேல்விவரத்தை எழுதும் யாம்ல் முறையின் பழைய விதிப்படி அது அறுபதின் கணக்காம் (ஆறு அறுபதும் ஒரு முப்பதும்), மேற்கோள் குறிக்குள் போட்டிருக்க வேண்டுமாம். அம்மாயியிடம் சொன்னேன். "ஆறரைக்குப் போய் நிக்கலேன்னா அன்னிக்குப் பேர் இல்ல. ஒன் கம்பியூட்டருக்கு அதுகூடத் தெரியாதா?" என்றார்.

ஆகவே மச்சான், நீ மாறாதே. டவுனில் ஒரு சீஆர் கொப்பி, அதுதான் தடித்த அட்டை நோட்டு, வாங்கு. கொம்பும் காலும் எழுதிய இடத்திலேயே இருக்கும். எனக்கு ‘கொந்தரப்பு’ கோப்பு திறந்தபடி கிடக்கிறது; அம்மாயி வெற்றிலை போட்டு முடிக்கட்டும் என்று காத்திருக்கிறேன்.