இரண்டாங்கட்டுக்கு இணையம்: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, கேபிளா?

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. ஃபைபர் இணைப்பின் மோடம் முகப்பில் இருக்கிறது. தெருக்கம்பத்திலிருந்து இழுத்த கம்பியை லைன்மேன் அங்கேதான் கொண்டுவந்து நிறுத்தினார். நான் கணக்கு வேலை பார்ப்பது இரண்டாங்கட்டு அறையில், அதாவது வீட்டின் இரண்டாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில். அப்பத்தாவின் கட்டில் அடுத்த அறையில் இருக்கிறது, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நான் இருக்க வேண்டும். அதனால் மேசையை முகப்புக்கு மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. மோடத்துக்கும் மேசைக்கும் நடுவே பட்டாலை என்ற கூடம், வளவு என்ற முதல் கட்டு, அதன் முற்றம், மூன்று சுவர்கள். ஒரு சுவரை அளந்து பார்த்தேன்: 22 அங்குலக் கனம்.

இதே மேசையில் ஓராண்டு ரிப்பீட்டரையும் (வைஃபை அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் பெட்டி), இரண்டு வாரம் மெஷ்ஷையும் (ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் பல பெட்டிகள்), இப்போது எட்டு மாதமாகக் கேபிளில் இணைத்த அக்சஸ் பாயின்ட்டையும் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) பயன்படுத்தியிருக்கிறேன். என் சாய்வு கேபிள் பக்கம். வேகத்தைவிடப் பராமரிப்புதான் அதற்குக் காரணம்.

பணம் செலவழிக்கும் முன் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். முதலாவது, கணினியை மோடத்துக்கு அருகே கொண்டுபோய் ஒரு சிறிய கேபிளால் நேராக இணைத்து வேகத்தை அளப்பது. எனக்கு நொடிக்கு 100 மெகாபிட் என்ற திட்டத்தின் முழு வேகமும் கிடைத்தது. லைனில் குறை இல்லை என்பது அதோடு தெளிவாயிற்று. இரண்டாவது, மேசையில் அமர்ந்து மோடத்தின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1) பிங் கட்டளையை ஓடவிடுவது; ஒரு சிறு செய்தியை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது அளக்கும். நல்ல நேரத்தில் பதில் 3 மில்லிநொடியில் வந்தது. மந்தமான நேரத்தில் 300, 400 என்று ஏறியது, சில பதில்கள் வரவே இல்லை. இந்தப் பயணம் வீட்டைத் தாண்டுவதே இல்லை. ஆகவே வாடிக்கையாளர் சேவையை அழைத்துப் பயனில்லை என்று புரிந்துகொண்டேன்.

கணினியையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பின்னணியில் பெரிய கோப்புகள் மேலேறிக்கொண்டிருந்தால் பக்கங்கள்கூட இழுத்து இழுத்துத்தான் திறக்கும். யுஎஸ்பி 3.0 வன்தட்டைக் கணினிக்கு ஒட்டி வைத்தால் அதன் கேபிளிலிருந்து எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும். என் வன்தட்டைக் கைநீளத் தூரத்துக்குத் தள்ளி வைத்ததில் கொஞ்சம் பலன் தெரிந்தது.

ஆனாலும் நேரங்காலம் தெரியாமல் மந்தம் வந்துகொண்டே இருந்தது. காலையில் பறக்கும், பிற்பகல் மூன்று மணிக்கு நகராது. மழையில்லை, வெயிலில் மாற்றமில்லை, அண்டை வீட்டில் புதிய இணைப்பும் இல்லை. பத்து நாள் நோட்டுப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்த பிறகுதான் ஒரு தொடர்பு கண்ணில் பட்டது. மந்தமான ஒவ்வொரு நாளும் அதற்குச் சில மணி நேரம் முன்பு மின்தடை வந்திருந்தது.

ரிப்பீட்டரின் கதை இங்கேதான் வருகிறது. விலை குறைவு, பிளக்கில் செருகினால் வேலை முடிந்தது. ஒரே ரேடியோ கேட்கவும் வேண்டும், திரும்பச் சொல்லவும் வேண்டும் என்பதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். இரண்டு அலைவரிசை (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்) உள்ளதில் இழப்பு குறைவு. நான் முதலில் அதை என் அறையிலேயே செருகியிருந்தேன். மோடத்தின் அலை வந்து சேராத இடத்தில் வைத்தால் அது எதைத் திரும்பச் சொல்லும்? வளவுத் தாழ்வாரத்துக்கு மாற்றியதும் மேசையில் 35 மெகாபிட் வந்தது. என் வேலைக்கு அது தாராளம்.

சிக்கல் அந்தத் தாழ்வாரப் பிளக்கில் இருந்தது. அது இன்வெர்ட்டர் லைனில் இல்லை, மோடத்தின் பிளக் இருக்கிறது. மின்சாரம் போனதும் ரிப்பீட்டர் அணைந்துவிடும். இரண்டின் வைஃபைக்கும் ஒரே பெயர் என்பதால் கணினி சத்தமில்லாமல் மூன்று சுவருக்கு அப்பால் இருக்கும் மோடத்தின் 2.4 அலையைப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் திரும்பி ரிப்பீட்டர் விழித்த பிறகும் கணினி அதற்கு மாறாது. எந்தப் பெட்டியோடு இணைவது என்று முடிவெடுப்பது கணினிதான். கையில் இருக்கும் இணைப்பு அறுந்துபோகும் அளவுக்கு நலியாமல் பல கணினிகள் அடுத்ததைத் தேடுவதில்லை. பதினொரு மணி மின்தடை மூன்று மணி வேலையைக் கெடுத்தது இப்படித்தான். விண்டோஸில் வைஃபை இணைப்பின் விவரப் பக்கத்தைத் திறந்தால் எந்த அலைவரிசை, எவ்வளவு இணைப்பு வேகம் என்று காட்டும். எனக்கு 2.4 என்றும் 13 மெகாபிட் என்றும் காட்டியது. வைஃபையை அணைத்துப் போட்டதும் சரியாயிற்று.

ரிப்பீட்டருக்குத் தனிப் பெயர் வைத்தால் இது தீரும், செலவும் இல்லை. நான் வைத்தேன். ஆனால் மின்தடை நேரத்தில் இரண்டாங்கட்டில் இணையமே இல்லை என்றாயிற்று. சிங்கப்பூரிலிருந்து பேரன் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது திரை உறைந்து அப்பத்தா போனையே பார்த்துக்கொண்டிருந்த அன்று, இதை இப்படியே விடக்கூடாது என்று தீர்மானித்தேன்.

மெஷ் பெட்டிகளை அக்கா வீட்டிலிருந்து வாங்கி வந்து போட்டுப் பார்த்தேன். காரைக்குடியில் அவள் இருப்பது புதிய கான்கிரீட் வீடு, ஒன்பது அங்குலச் சுவர். அங்கே மெஷ் அருமையாக ஓடுகிறது, மாடிக்கும் கீழுக்கும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாலும் பேச்சு அறுவதில்லை. பெட்டிகள் தங்களுக்குள் கலந்துகொண்டு கருவியை அருகிலிருக்கும் பெட்டிக்கு நகர்த்தப் பார்ப்பதால், கணினி ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும் நோயும் குறைவு. எங்கள் வீட்டில் மேசைக்கு 60 மெகாபிட் வந்தது. ஆனாலும் பெட்டிக்குப் பெட்டி பேச்சு காற்று வழியாகத்தான். செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் இந்தக் கனத்தில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வெகுவாக அடங்கிவிடும். பட்டாலையில் மாட்டியிருக்கும் பெல்ஜியம் கண்ணாடியின் பின்பூச்சு உலோகம், அது அலையைத் திருப்பி அடிக்கும். பெட்டியை நான்கு அடி நகர்த்தினால் எண் தலைகீழாக மாறியதைப் பார்த்தேன். மேலும், ஒவ்வொரு பெட்டிக்கும் தனி மின்சாரம் வேண்டும் என்பதால் இன்வெர்ட்டர் சிக்கல் அப்படியே நின்றது. இரண்டு வாரப் பழக்கத்தில் இதற்கு மேல் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. பெட்டிகளைக் கேபிளால் இணைக்கும் வசதியும் மெஷ்ஷில் உண்டு. கேபிள் இழுக்கத் துணிந்தவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு.

மின்கம்பி வழியாகவே இணையத்தை அனுப்பும் பவர்லைன் கருவியை நான் வாங்கவில்லை. எங்கள் வயரிங்கில் பாதி மரப்பட்டிக் காலத்தது, மீதி பின்னால் சேர்த்தது, முகப்பும் இரண்டாங்கட்டும் வேறு வேறு ஃபேஸில் இருக்கின்றன. இதில் அது சரியாக ஓடும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. ஒரே முற்றம் உள்ள சிறிய வீடென்றால் மோடத்தையே வளவுத் தாழ்வாரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். முற்றம் திறந்த வெளி, அலை தடையின்றிப் பரவும். அதற்கு மேல் எதுவும் வாங்க வேண்டியிராது.

இனி கேபிள். முகப்பு மோடத்திலிருந்து இரண்டாங்கட்டுத் தாழ்வாரம் வரை 38 மீட்டர் கேட் 6 கேபிள், அதன் முனையில் ஓர் அக்சஸ் பாயின்ட். இந்த வகைக் கேபிள் 100 மீட்டர் வரை நொடிக்கு 1000 மெகாபிட்டைத் தாங்கும், சுவரின் கனம் அதற்கு ஒரு பொருட்டில்லை. என் திட்டத்தின் 100 மெகாபிட் முழுதும் மேசைக்கு வந்துவிட்டது. ஆனால் என்னைக் கேபிளின் பக்கம் இழுத்தது பவர் ஓவர் ஈதர்நெட் என்ற ஏற்பாடு. 2003ஆம் ஆண்டிலேயே தரப்படுத்தப்பட்டது. தரவு போகும் அதே கேபிளில் மின்சாரமும் போகும், அனுப்பும் முனையில் 15.4 வாட் வரை. அக்சஸ் பாயின்ட்டுக்கு இது போதும். மின்சாரத்தைச் செலுத்தும் சிறிய பெட்டி மோடத்துக்குப் பக்கத்தில் அதே இன்வெர்ட்டர் பிளக்கில் இருக்கிறது. மின்தடை வந்தால் இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. இரண்டாங்கட்டில் பிளக்கே தேவைப்படவில்லை. எட்டு மாதத்தில் நான் எந்தப் பெட்டியையும் அணைத்துப் போட்டதில்லை. நான் சென்னைக்குப் போயிருக்கும் நாட்களிலும் அப்பத்தாவின் வீடியோ பேச்சு நிற்பதில்லை.

எல்லோரும் பயப்படுவது சுவரைத் துளைப்பதற்கு. எங்களுக்கும் அதுவே பெரிய தடை. வீடு பங்காளிகளுக்குப் பொது. முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த பூச்சு இன்னும் கண்ணாடிபோல் மின்னுகிறது. ஒருமுறை பெயர்ந்தால் அதேபோல் பூசித் தரும் கொத்தனாரைத் தேடி அலைய வேண்டும். பெரியப்பச்சியிடம் (பெரியப்பாவிடம்) போனில் கேட்டேன். “சுவரில் ஓர் ஆணிகூட இறங்கக்கூடாது, மற்றதை உன் விருப்பப்படி செய்” என்றார். இறங்கவில்லை. கதவு நிலைக்கு மேலே இருக்கும் காற்றுத் துளை வழியாகவே கேபிள் கட்டுக்குக் கட்டு போகிறது. தாழ்வாரத்தில் உத்தரத்தின் மேல்விளிம்பில் கிடத்தியிருக்கிறோம், கீழிருந்து பார்த்தால் தெரியாது. மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்டாமல் ஒரு சாண் தள்ளியே கொண்டுபோனோம். முற்றத்தைக் குறுக்கே தாண்டினால் எட்டு மீட்டர் மிச்சமாகியிருக்கும். இடிமின்னல் நேரத்தில் திறந்தவெளியில் தொங்கும் செம்புக் கம்பி இரண்டு முனையில் உள்ள கருவிகளுக்கும் ஆபத்து என்பதால் தாழ்வாரத்தைச் சுற்றியே இழுத்தோம். இதுவரை ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான் அது கண்டிருக்கிறது.

கடையில் வாங்கும்போது கவனம் தேவை. செம்பு பூசிய அலுமினியக் கம்பியும் கேட் 6 என்ற பெயரில் கிடைக்கிறது, விலை குறைவு. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். மின்சாரத்தையும் சுமக்க வேண்டிய கேபிளுக்கு அது ஆகாது, மின்சாரம் பாய்வதற்கான எதிர்ப்பு கூடிச் சூடேறும். அக்சஸ் பாயின்ட்டும் மின்சாரப் பெட்டியும் ஒரே முறையைச் சேர்ந்தவையா என்றும் கேளுங்கள், 24 வோல்ட்டில் ஓடும் வேறு வகையும் சந்தையில் உண்டு. முனையில் பிளக் அடித்த பிறகு இணைப்பு வேகம் 1000 என்று காட்ட வேண்டும். 100 என்று காட்டினால் எட்டு இழைகளில் ஏதோ ஒன்று சரியாகப் பதியவில்லை. எங்களுக்கு முதல் தடவை அப்படித்தான் ஆயிற்று, வெட்டி மறுபடி அடித்தார்கள்.

செலவு எனக்கு 5,500 ரூபாய்க்குக் கொஞ்சம் கூடுதல், கூலி உட்பட. ரிப்பீட்டர் 1,500க்கு வாங்கியது. கடைசியாக, மோடத்தின் 2.4 அலையை 1ஆம் சேனலிலும் புதியதை 11ஆம் சேனலிலும் வைத்து, மோடத்தின் அலை வலுவைக் குறைத்தேன். இல்லையென்றால் கணினி பழைய வழக்கப்படி முகப்பையே பிடித்துத் தொங்கும்.

மூன்றாங்கட்டு அடுப்படியில் இப்போதும் வேகம் பாதிதான். முனையில் மூன்று மீட்டர் கேபிளைச் சுருட்டி உத்தரத்தின் மேல் விட்டு வைத்திருக்கிறேன். தை மாதம் பங்காளிகள் கூடும்போது அக்சஸ் பாயின்ட்டை இரண்டாம் முற்றத்தின் மறுமூலைக்கு நகர்த்திப் பார்க்கப் போகிறேன்.