போட்டோமேத், டெஸ்மோஸ், ஜியோஜீப்ரா, கான் அகாடமி: எந்தத் தடுமாற்றத்துக்கு எது?

கெழுக்கள் 2, −5, −3 கொண்ட இருபடிச் சமன்பாட்டைப் பத்தாம் வகுப்பு மாணவர் சூத்திரம் போட்டுத் தீர்க்கிறார். சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் வரும் தன்மைகாட்டி 25 − 4×2×(−3). இதை 25 − 24 = 1 என்று எழுதிவிட்டால் விடை 3/2, 1 என்று வரும். சரியாகப் போட்டால் 25 + 24 = 49; விடை 3, −1/2. இவருக்குச் சூத்திரம் நன்றாகவே தெரியும். குறை எண்ணைப் பெருக்கும் இடத்தில்தான் தடுமாறுகிறார். இருபடிச் சமன்பாடு பற்றி இன்னும் பத்து வீடியோ காட்டினாலும் இந்தத் தவறு அப்படியேதான் இருக்கும்.

மாணவர்கள் முதலில் கைவைப்பது போட்டோமேத். கணக்கைப் படம் பிடித்தால் விடையும் வழிமுறையும் வந்துவிடும். ஆனால் அது காட்டுவது அதன் வழிமுறையைத்தான். நோட்டில் 25 − 24 என்று எழுதியிருப்பதை அது சுட்டிக்காட்டாது. அதனால் வரிசை முக்கியம். முதலில் ஒரு படிக்கு ஒரு வரி என்று முழுக் கணக்கையும் நோட்டில் போட வேண்டும். பிறகு கேள்வியை மட்டும் படம் பிடித்து, மேலிருந்து வரிவரியாக ஒப்பிட வேண்டும். முதலில் வேறுபடும் வரியில்தான் தவறு இருக்கிறது. அதற்குக் கீழே உள்ளவை அதன் விளைவுகள். செயலி காரணிப்படுத்தியும் மாணவர் சூத்திரத்திலும் போட்டிருந்தால் ஒப்பிட முடியாது; செயலியிலேயே வேறு முறையைத் தேர்ந்துகொள்ளலாம். இன்னொன்று: கையெழுத்தில் அடுக்கு சற்றுக் கீழே இறங்கினால் அது சாதாரண எண்ணாகப் படிக்கப்படும். செயலி என்ன படித்தது என்பதைச் சரிபார்க்காமல் விடைக்குப் போகக் கூடாது.

கணக்கைத் தட்டினால் விடை தரும் இணையதளமான வுல்ஃப்ரம் ஆல்ஃபாவில் விடை இலவசம், முழுப் படிகளுக்குக் கட்டணம். பன்னிரண்டாம் வகுப்பில் தொகையீட்டு விடையைச் சரிபார்க்க அது போதும். பள்ளி மாணவருக்கு முதல் தேர்வாக அதைச் சொல்ல மாட்டோம்.

நம் பார்வையில் மாணவர்கள் குறைவாகப் பயன்படுத்துகிற, ஆனால் அதிகம் உதவுகிற கருவி டெஸ்மோஸ் என்ற வரைபடக் கணிப்பான். வரைபடம் வரைய மட்டுமல்ல, படிகளைச் சோதிக்கவும் அது உதவும். எக்ஸிலிருந்து 3-ஐக் கழித்து வர்க்கப்படுத்தினால் எக்ஸ் வர்க்கம் கழித்தல் 9 என்று எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. இரண்டையும் இரு வரிகளில் தட்டுங்கள். இரண்டு வளைவுகள் தனித்தனியாக வந்தால் அந்தப் படி தவறு. ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் சரி. ஒரு எச்சரிக்கை: சமன்பாட்டை இருபுறமும் 2-ஆல் வகுத்த படியில் வளைவு மாறத்தான் செய்யும். அங்கே கிடையச்சை வெட்டும் இடங்கள் மாறாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

“வரைபடமே வரவில்லை” என்ற புகாருக்குப் பெரும்பாலும் திரையின் எல்லைதான் காரணம். தொடக்கத்தில் கிடையச்சு சுமார் −10 முதல் 10 வரைதான் தெரியும். கெழுக்கள் 1, −30, 200 என்றால் மூலங்கள் 10, 20. முனை (15, −25). எல்லாம் திரையின் ஓரத்திலோ வெளியிலோ இருக்கும். விரலால் சுருக்கிப் பார்த்தால் வளைவு கிடைத்துவிடும்.

வடிவியலுக்கு வந்தால், வடிவங்களை வரைந்து இழுத்துப் பார்க்க உதவும் ஜியோஜீப்ராவுக்கே எங்கள் வாக்கு. ஆனால் கண்மதிப்பில் வரைந்த செங்கோணம் புள்ளியை இழுத்ததும் கெட்டுவிடும். செங்குத்துக்கோடு வரையும் கருவியால் அமைத்தால் நிலைக்கும். ஒரு முக்கோணம் வரைந்து, இரு பக்கங்களின் மையக்குத்துக்கோடுகள் வெட்டும் புள்ளியைக் குறியுங்கள். ஓர் உச்சியை இழுத்து விரிகோணமாக்கினால் சுற்றுவட்ட மையம் வெளியே போகும். செங்கோணமாக்கினால் கர்ணத்தின் நடுப்புள்ளியில் வந்து அமரும். கரும்பலகையில் மூன்று படம் வரைந்தும் பிடிபடாதது இங்கே அரை நிமிடத்தில் புரிந்துவிடும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ பக்கங்கள் ஜியோஜீப்ராவுக்குத்தான் அழைத்துச் செல்கின்றன. நூலில் உள்ள கியூஆர் கோடுகளை அரசின் திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்து, பாடங்களைப் பதிவிறக்கியும் வைத்துக்கொள்ளலாம். டேட்டா குறைவாக உள்ள வீட்டுக்கு இது பெரிய உதவி.

சில நேரம் மாணவர் சரியாகப் போட்டிருப்பார், மென்பொருள் வேறு விடை சொல்லும். டெஸ்மோஸில் சைன் 30 என்று தட்டினால் −0.988 வரும், அது ரேடியனில் கணக்கிடுகிறது. அமைப்புகளில் டிகிரிக்கு மாற்றினால் 0.5 கிடைக்கும். லாக் 100 டெஸ்மோஸில் 2. வுல்ஃப்ரம் ஆல்ஃபா அடிமானம் ‘இ’ என்று கொண்டு 4.605 என்னும். −8-இன் கனமூலத்தை 1/3 அடுக்காகக் கொடுத்தால் டெஸ்மோஸ் −2 என்கிறது, வுல்ஃப்ரம் ஆல்ஃபா கலப்பெண் தருகிறது. அரை எக்ஸ் என்ற எண்ணத்தில் 1, சாய்கோடு, 2, எக்ஸ் என்று தொடர்ந்து தட்டினால் டெஸ்மோஸில் எக்ஸ் பின்னத்தின் கீழ்ப்பகுதிக்குப் போய்விடும். 2-க்குப் பின் வலது அம்புக்குறியை அழுத்த வேண்டும்.

முதலில் சொன்ன மாணவருக்கு இவற்றில் எதுவும் முழு மருந்தாகாது. அவர் போக வேண்டியது வீடியோ பாடமும் பயிற்சியும் தரும் கான் அகாடமிக்கு. அதுவும் பத்தாம் வகுப்புப் பகுதிக்கு அல்ல, ஏழாம் வகுப்பு முழுக்களின் பெருக்கலுக்கு. வீடியோவைத் தாண்டி நேரே பயிற்சிக்குப் போகலாம். குறிப்பைத் திறந்தால் அந்தக் கேள்வி தவறாகவே எண்ணப்படும் என்பதால், முதல் சுற்றில் அதைத் தொடாமல் போட வேண்டும். தொடர்ந்து இரண்டு சுற்று முழுச் சரியாக வந்தபின், கெழுக்கள் 3, −7, −6 கொண்ட சமன்பாட்டை வெறும் தாளில் கொடுங்கள். 49 + 72 = 121 என்று எழுதி 3, −2/3 கொண்டுவந்தால் தடுமாற்றம் தீர்ந்தது. 49 − 72 = −23, மெய் மூலங்கள் இல்லை என்று எழுதினால் மறுபடியும் ஏழாம் வகுப்புப் பயிற்சிக்கே போக வேண்டும்.