‘லேசர், சின்னத் துளை, அன்றைக்கே நடக்கலாம்’ என்றதும் காலை நீட்டிவிடாதீர்கள்

கால் கட்டைவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்து, அந்த விரல் தொடங்கும் இடத்தில் பாதத்தின் உட்பக்கம் எலும்பு புடைத்து நிற்பதற்கு ஆங்கில வைத்தியத்தில் பனியன் என்று பெயர். (உள்ளே போடுகிற பனியன் இல்லை.) இதற்கான துளைவழி அறுவை நல்ல முறைதான். அதை விற்கிற விதத்தில்தான் ஏமாற்று நடக்கிறது.

முதல் பொய் லேசர். இங்கே எலும்பை வெட்டுவது பர் எனப்படும், சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள சுழலும் முனை. 3 முதல் 5 மில்லிமீட்டர் துளைக்குள் அதை விட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, கட்டைவிரலுக்குப் பின்னாலுள்ள நீள எலும்பைக் குறுக்கே அறுத்து, அதன் தலையை (விரலோடு சேரும் முனையை) இரண்டாம் விரல் பக்கம் தள்ளி, பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூ போட்டு நிறுத்துவார்கள். தோலில் தழும்பு சிறிதாக இருக்கும். எலும்புக்கோ இது முழு முறிவு. கூடுவதற்கு 6 முதல் 12 வாரம் ஆகும். ‘அன்றைக்கே நடக்கலாம்’ என்பது பாதி உண்மை. அடி வளையாத தட்டைச் செருப்போடு, பெரும்பாலும் 6 வாரம் அப்படித்தான் நடக்க வேண்டும். வீக்கம் முழுதாக வடிய ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். இதைச் சொல்லாமல் தேதி குறிப்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தால் அங்கேயே எழுந்து வெளியே வந்துவிடலாம். உடல் எடை காலில் இறங்கும்போதுதான் கோணல் முழுதாகத் தெரியும். நின்றபடி எடுத்த படம் கட்டாயம். கட்டைவிரல் சாய்வு 15 டிகிரிக்குள், முதல் இரண்டு நீள எலும்புகளுக்கு இடையிலான கோணம் 9 டிகிரிக்குள் இருப்பது இயல்பு. இந்த இரண்டு எண்ணையும் அளந்து சொல்லாமலே முறையைத் தீர்மானிப்பது, அளவெடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி. கட்டைவிரல் மூட்டு தேய்ந்திருந்தால் அதை அசையாதபடி இணைக்கும் அறுவை வேண்டியிருக்கலாம். நடுப்பாத மூட்டு தளர்ந்திருந்தால் அங்கேதான் வேலை. முன்னால் வெட்டினால் கோணல் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோயாளிக்குப் பாத ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் பார்க்காமல் கத்தியே எடுக்கக் கூடாது.

‘புடைப்பை மட்டும் சீவிவிடலாம்’ என்பது இன்னொரு வலை. புடைப்பு புதிதாக வளர்ந்த கட்டி இல்லை. விலகிய எலும்பின் தலைதான் துருத்திக்கொண்டு நிற்கிறது. சீவினால் விலகல் அப்படியே இருக்கும்.

அறுவைக்குப் பிறகு வருகிற புகார்களில் மோசமானது இது: விரல் நேராகிவிட்டது, ஆனால் இரண்டாம் விரலுக்கு அடியில் கூழாங்கல்லை மிதிப்பதுபோல வலி. காரணம் இருக்கிறது. பர் தன் தடிமன் அளவுக்கு எலும்பைத் தின்றுவிடும். அதை ஈடுகட்டும்படி வெட்டைச் சாய்க்காவிட்டால் எலும்பு குட்டையாகும். ஸ்க்ரூ போடாமல் மேலே சுற்றும் துணிக்கட்டை மட்டும் நம்பி விட்டால் தலை மேல்நோக்கியும் நகரலாம். முதல் எலும்பு தாங்க வேண்டிய எடை அப்போது அடுத்ததன்மேல் இறங்கும். பர்ரை வேகமாக, உப்புநீர் ஊற்றாமல் ஓட்டினால் சூட்டில் எலும்பும் தோலும் கருகும். அறுத்த எலும்புக்கூழைப் பிதுக்கி வெளியேற்றாவிட்டால் உள்ளேயே தங்கி உறுத்தும். துளைக்கு அருகில் ஓடும் நரம்பு அடிபட்டால் விரலின் உட்பக்கம் மரத்துப்போகும்.

வலியே இல்லாத காலை அழகுக்காக வெட்டச் சொல்பவரிடம் போகவே வேண்டாம். விரலிடை ரப்பர் பட்டை பெரியவர்களின் எலும்பை நிரந்தரமாக நிமிர்த்தாது என்பது உண்மைதான். ஆனால் அகன்ற முனைச் செருப்பே பலருக்கு வலியைக் குறைத்துவிடும்.

ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் அறுவைக் குறிப்பு, ஸ்க்ரூ விவரம், முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே எல்லாவற்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள். கட்டு அவிழ்ந்தால் நீங்களே சுற்றாதீர்கள். அந்தக் கட்டும் விரலைப் பிடித்து நிறுத்துகிறது. காய்ச்சல், சீழ், கெண்டைக்காலில் வீக்கத்தோடு வலி, மூச்சுத்திணறல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் எக்ஸ்ரே கேளுங்கள். எலும்பு நகர்ந்தது இரண்டாம் வாரத்தில் தெரிந்தால் திருத்துவது எளிது. கூடியபின் தெரிந்தால் மறுபடி அறுக்க வேண்டியிருக்கும்.