மலையகத்து ஈரத்தில் எந்த ஷொட்கன் மைக் தாங்கும்?

ஷொட்கன் மைக் (முன்னால் நீண்ட குழாய் உள்ள, எதிரே வரும் குரலை எடுக்கும் மைக்) வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்து, எத்தனை அடி தூரத்துக் குரலை எடுக்கும் என்று கேட்பார்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் குறும்படம் எடுப்பவர்களும், தோட்டத்துப் பெரியவர்களின் பேச்சையும் கூத்தையும் பதிந்து வைப்பவர்களும் இவை இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பனி இறங்கும் இரவில் மூன்று மணி நேரம் வெளியே நின்றால் இந்த மைக் இரையாமல் இருக்குமா? நான் ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) வகை மைக்கைத் தேர்ந்ததற்கு இந்தக் கேள்விதான் காரணம்.

தூரத்தைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. முன்னால் இருக்கும் நீண்ட குழாய் பக்கவாட்டுச் சத்தத்தைக் குறைக்கும். எதிரே இருப்பதைத் தொலைநோக்கி போலக் கிட்டே இழுத்து வராது. வெளியில் பேச்சுப் பதிவுக்கு வாயிலிருந்து ஒன்றரை முதல் மூன்று அடிக்குள் மைக் இருக்க வேண்டும், எந்த விலை மைக்குக்கும் இதே கணக்குதான்.

களத்தில் இரண்டு கட்சிகள். ரோட் என்டிஜி 2, சென்ஹைசர் எம்கேஈ 600 ஆகியவை எலெக்ட்ரெட் வகை (உள்ளே நிலையான மின்னேற்றம் கொண்டவை). இரண்டும் 48 வோல்ட் ஃபான்டம் பவரிலும் (ரெக்கோடர் கேபிள் வழியே மைக்குக்குத் தரும் மின்சாரம்) ஓடும், உள்ளே ஒரு ஏஏ பற்றரி போட்டாலும் ஓடும். சென்ஹைசர் எம்கேஎச் 416, ரோட் என்டிஜி 3, என்டிஜி 5 ஆகியவை ஆர்எஃப் வகை, இவற்றுக்கு ஃபான்டம் பவர் கட்டாயம். சுய இரைச்சலில் (மைக் தானாக எழுப்பும் இரைச்சல்) என்டிஜி 2 க்கு 18 டெசிபல், 416 க்கு 13, என்டிஜி 5 க்கு 10 என்று தயாரிப்பாளர்கள் தருகிறார்கள். காட்டில் குருவிச் சத்தம் பதிகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. இரண்டடியில் ஒருவர் பேசும் நேர்காணலில் அது காதில் படாது. அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

பணம் கொடுக்க வேண்டிய காரணம் ஈரம்.

எலெக்ட்ரெட் மைக்கின் கேப்சூலுக்குள் (ஒலியை வாங்கும் பகுதி) மெல்லிய படலம் ஒன்றும் அதன் பின்னால் தகடு ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து மிகச் சிறிய மின்தேக்கி, அதன் கொள்ளளவு சில பத்து பிகோஃபாரட் இருந்தால் அதிகம். அவ்வளவு சின்னதிலிருந்து வரும் சைகை வழியில் கசியாமல் இருக்க, சுற்றியுள்ள காப்பும் மின்தடையும் கிகாஓம் கணக்கில் இருக்க வேண்டும். சுத்தமான காற்றில் சிக்கல் இல்லை. விறகடுப்புப் புகை படிந்த, தூசி ஒட்டிய காப்பின்மேல் பனியீரமும் சேர்ந்தால் மின்சாரம் கசிய ஒரு வழி கிடைத்துவிடும். முதலில் எப்போதாவது ஒரு 'டப்' கேட்கும். பிறகு எண்ணெயில் கடுகு பொரிவது போல விடாமல் பொரியும். கடைசியில் ஒலியளவு தானாக ஏறி இறங்கும். கேபிளைக் குறை சொல்லி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்குவது இந்தக் கட்டத்தில்தான்.

ஆர்எஃப் மைக்கில் கேப்சூலின் அமைப்பு ஏறக்குறைய இதேதான். வாசிக்கும் முறைதான் வேறு. மின்தேக்கியைச் சில மெகாஹேர்ட்ஸில் ஓடும் ஒரு சுற்றுக்குள் வைத்திருக்கிறார்கள். குரல் படலத்தை அசைக்கும்போது கொள்ளளவு மாறும், அந்த மாற்றம் உயரதிர்வெண் சைகையில் ஏறும், மைக்குக்குள்ளேயே திரும்பவும் ஒலிச் சைகையாகப் பிரித்து எடுக்கப்படும். அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் அதே சின்ன மின்தேக்கியின் மின்மறுப்பு (மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு) சில நூறு ஓம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. காப்பின்மேல் கொஞ்சம் ஈரம் இருந்து கசிந்தாலும் சில நூறு ஓம் முன்னால் அந்தக் கசிவு ஒரு பொருட்டே இல்லை. (ரேடியோ என்றதும் வயர்லெஸ் என்று எண்ண வேண்டாம். வெளியே வருவது வழக்கமான மூன்று முனை எக்ஸ்எல்ஆர் கேபிள்தான்.) 416 வகை 1970களிலிருந்து உலகெங்கும் வெளிப்புறப் படப்பிடிப்பில் நிலைத்து நிற்பதற்கு இந்தச் சுற்றமைப்பு ஒரு முக்கிய காரணம்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம் கினிகத்தேனை, வட்டவளை, நோர்வூட் பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். அந்த மாதங்களில் எச்சரிக்கையாக இருப்போம். ஏமாறுவது மாசியில்தான். காமன் கூத்து நடக்கும் நாட்களில் மழை குறைவு, வானம் வெளித்திருக்கும். ஆனால் நடுச்சாமம் தாண்டியதும் பனி இறங்கி, மைக்கைத் தாங்கும் பூம் கம்பே கையில் ஈரமாக வழுக்கும். ரதியும் மன்மதனும் களத்துக்கு வந்து ஆடும் நேரத்தில் எலெக்ட்ரெட் மைக் பொரியத் தொடங்கினால் அந்தப் பதிவை மறுபடி எடுக்க அடுத்த மாசி வரை காத்திருக்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும் பாட்டிக்கு எண்பது வயது என்றால் காத்திருக்கவும் முடியாது. விலை வித்தியாசத்தை இதோடு வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஆர்எஃப் என்றால் நீர் புகாத மைக் என்று பொருளில்லை. துளை வழியே தண்ணீர் இறங்கினால் அதுவும் கெடும். வெளியே ஸ்பாஞ்ச் கவர் மட்டும் போட்டுக்கொண்டு போகக் கூடாது, அப்புத்தளைக் கணவாய்க் காற்றுக்கு அது காகிதம் மாதிரி. ரோமக் கவராவது வேண்டும், முடிந்தால் கூடு போன்ற ப்ளிம்ப்பும் அதன்மேல் ரோமமும். ரோமம் நனைந்து சடை பிடித்துவிட்டால் காற்றைத் தடுக்காது. காய வைத்து, நாய்க்குச் சீவும் பிரஷால் சீவிவிட வேண்டும். தூறலில் துளி விழும் 'டொக் டொக்' சத்தத்துக்கு, ஏசி வடிகட்டியாக வரும் சொரசொரப்பான நார்த்தகடு ஒன்றை வளைத்து, ரோமத்துக்கு மேலே ஓர் அங்குலம் இடைவெளி விட்டுக் கட்டலாம். குடை பிடித்தால் குடைத்துணியே பறையடிக்கும்.

வீட்டுக்கு வந்த பின் செய்கிற தவறுதான் அதிக மைக்குகளைக் கொல்கிறது. குளிரில் நின்ற மைக்கை நேரே அடுப்பங்கரைச் சூட்டுக்குள் கொண்டுபோனால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்த சோடாப் போத்தல் மாதிரி உள்ளேயும் வெளியேயும் வியர்க்கும். வெளியிலேயே ஸிப் பையில் போட்டு மூடி, உள்ளே கொண்டுவந்து அரை மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். பிறகு காற்று புகாத இரண்டு லீற்றர் டப்பா, அதற்குள் 100 கிராம் சிலிக்கா ஜெல், பக்கத்தில் சின்ன ஈரப்பத மீட்டர். மீட்டர் 40 முதல் 50 சதவீதத்துக்குள் காட்டினால் போதும். செம்மஞ்சள் நிற மணிகளை வாங்குங்கள், ஈரம் குடித்ததும் பச்சையாகும். நீல மணிகளில் கோபால்ட் குளோரைட் இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது. பச்சையான மணிகளைப் போறணையில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். அரிசியில் புதைத்து வைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம், அரிசித் தூள் குழாய்த் துளைக்குள் போகும். பொரியத் தொடங்கிய எலெக்ட்ரெட் மைக்கை ஒரு நாள் முழுக்க இந்த டப்பாவில் வைத்தால் பெரும்பாலும் தேறும். ஹெயார் டிரையரோ அடுப்புச் சூடோ காட்டினால் படலம் கெடும். என்டிஜி 2, எம்கேஈ 600 இரண்டிலும் பற்றரியைக் கழற்றிவிட்டு வையுங்கள், கசிந்த பற்றரியின் உப்பு ஈரத்தைவிட மோசம்.

ஆர்எஃப் பக்கத்துக் குறைகளும் உண்டு. பற்றரி போட முடியாததால் ரெக்கோடர் 48 வோல்ட் தர வேண்டும். ஸூம் எச்1என் போன்ற சின்னதில் எக்ஸ்எல்ஆர் துளையே இல்லை. எச்5 இல் உண்டு, ஆனால் மெனுவில் 48 என்பதைத் தெரிவு செய்ய மறக்காதீர்கள். ஃபான்டம் போட்டால் ரெக்கோடர் பற்றரி வேகமாக இறங்கும், அதிகாலைக் குளிரில் அல்கலைன் இன்னும் வேகமாக. நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பற்றரி இரண்டு செட் கையில் இருக்கட்டும். 416 இலும் என்டிஜி 5 இலும் தாழ்ந்த முழக்கத்தை வெட்டும் லோ கட் சுவிட்ச் கிடையாது, ரெக்கோடரில் 80 ஹேர்ட்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும். தப்பு மேளத்துக்குப் பக்கத்தில் 416 ஐக் கொண்டுபோவதும் ஆபத்து. அதன் உணர்திறன் பாஸ்கலுக்கு 25 மில்லிவோல்ட். தப்படி 120 டெசிபல் தொட்டால் வெளியே அரை வோல்ட் வரும், மைக் தாங்கினாலும் சின்ன ரெக்கோடரின் மைக் உள்வாய் முட்டி ஒலி உடையும். பத்துப் பதினைந்து அடி தள்ளி நிற்க வேண்டும், அல்லது ரெக்கோடரின் -20 டெசிபல் பேட்டை (உள்ளே வரும் சைகையைக் குறைக்கும் சுவிட்ச்) போட வேண்டும்.

416 ஆ, என்டிஜி 5 ஆ என்றால் நான் என்டிஜி 5 பக்கம். 76 கிராம்தான், மேட்டு லயத்துக்கு ஏறி ஒரு மணி நேரம் கம்பைத் தூக்கிப் பிடிக்கும் தோளுக்கு அந்த எடை தெரியும். விலையும் 416 இன் பாதியளவில் நிற்கிறது, பிடியும் ரோமக் கவரும் கூடவே வருகின்றன. ஆனால் அது 416 ஐவிட மிகவும் புதிய மைக். இருபது வருட ஈரத்தை அது எப்படித் தாங்கும் என்பதற்கு இன்னும் சான்று இல்லை, 416 க்கு இருக்கிறது. திரும்ப விற்கும்போதும் 416 க்குத்தான் மதிப்பு. அதனாலேயே போலிகளும் சுற்றுகின்றன. பழையது வாங்கினால் மழை நாளில் போய்ப் பாருங்கள். அரை மணி நேரம் ஃபான்டம் கொடுத்து, ஹெட்போன் போட்டு, யாரும் பேசாத அறையில் கேளுங்கள். வெயில் நாளில் எல்லா மைக்கும் நல்ல மைக்தான்.

லயத்துக் காம்பராவுக்குள் இந்த இரண்டு கட்சியும் தோற்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிச் சுவர்களிலும் தகரக் கூரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி குழாயின் பக்கவாட்டில் நுழைந்து, குரலைத் தகர டப்பாவுக்குள் பேசுவது போல ஆக்கிவிடும். உள்ளே பதிவதே அதிகம் என்றால் நீண்ட குழாய் இல்லாத, முன்பக்கக் குரலைக் குறுகலாக எடுக்கும் குட்டையான ஹைப்பர்கார்டியொயிட் மைக் ஒன்றைப் பாருங்கள், அல்லது இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) வந்து உட்காரச் சொல்லுங்கள். வெளியே வந்தால் பின்னணியைப் பாருங்கள். சரிவில் நின்று மைக்கைக் கிடையாகப் பிடித்தால் பேசுபவருக்குப் பின்னாலுள்ள பள்ளத்தாக்கு முழுவதும், ஆறும் ஃபெக்டரியும் பஸ்ஸும் சேர்ந்து வரும். தலைக்கு மேலிருந்து நெஞ்சை நோக்கிச் சாய்த்தால் பின்னணி வெறும் மண். அருவி கேட்கும் இடத்தில் அதைப் பக்கவாட்டில் வையுங்கள். மேல்சுருதி அடங்கும், அடிமுழக்கம் மிஞ்சும். குழாயைவிட நீளமான அலைகளுக்குக் குழாயால் ஒன்றும் செய்ய முடியாது.

பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆனி, ஆடி மாதங்கள் காய்ந்து கிடக்கும். அந்த மாதங்களில் மட்டும், பகலில் மட்டும் வேலை என்றால் எம்கேஈ 600 ஐ வாங்கி மிச்சப் பணத்தை ரோமக் கவருக்கும் டப்பாவுக்கும் போடுவது சரியான கணக்கு. ஒரு பற்றரியில் சுமார் 150 மணி நேரம் ஓடும், லோ கட் சுவிட்சும் அதிலேயே இருக்கிறது. ஐப்பசி பிறந்து அந்தப் பக்கத்திலும் மழை பிடித்ததும், ஒவ்வொரு நாள் பதிவுக்குப் பிறகும் அதை டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள்.