மேற்கோளா, சொந்த நடையா?

பிறர் எழுதியதை ஆய்வேட்டில் அப்படியே எடுப்பதா, நம் சொற்களில் சொல்வதா? இலங்கையின் வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் ஆய்வேடு எழுதும் பிள்ளைகள் தடுமாறும் இடம் இது.

உழைப்பு: மேற்கோளை எழுத்துப் பிசகாமல் எடுத்தால் போதும். சொந்த நடைக்கு மூலத்தை விளங்கிக்கொண்டு, மூடிவைத்துவிட்டு எழுத வேண்டும்.

சட்டம்: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆய்வுக்கு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. ஆனால் மேற்கோள் சிறு பகுதியாக இருக்க வேண்டும்; பக்கம் பக்கமாக அல்ல. சொந்த நடையில் இந்தச் சிக்கல் குறைவு.

திருட்டு: இரண்டிலும் மூலத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். நாலு சொல்லை மாற்றித் தப்பலாம் என்பது வீண் நம்பிக்கை. ஓர் உதாரணம்: காரைதீவில் பிறந்த தமிழறிஞர் விபுலானந்த அடிகள் 1947இல் மறைந்தார். ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும் என்ற பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் பெயரை மறைத்து அவர் எழுத்தை எடுத்தால் அது எழுத்துத் திருட்டுத்தான்.

கூத்துப் பாடல், வரைவிலக்கணம் என்றால் மேற்கோள். பிறர் ஆய்வின் முடிவுகளுக்குச் சொந்த நடை.